கால் எண்ணெய்

ஈப்போவில் அடைத்துக்கொண்ட குழாய்களைத் திறந்து வயிறு வளர்ப்பவன் நான். சென்ற ஆண்டு என் சொந்த வீட்டுச் சமையலறைத் தொட்டியே அடைத்துக்கொண்டது. "நாளைக்குப் பாக்குறேன்" என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் மனைவி, எனக்குப் போட்டியாகத் தொழில் செய்யும் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டாள். வந்த ஆள் என்னை அடையாளம் கண்டுகொண்டார், ஆனால் சிரிக்கவில்லை. அதுதான் வலித்தது. தொட்டிக்கு அடியிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கட்டியை உருவி எடுத்தார். அதைப் பழைய நாளிதழின் மேல் பிள்ளையைப் போலக் கிடத்திவிட்டு, "போஸ், மீன் பொரிச்ச எண்ணெயத் தொட்டியில ஊத்தாதீங்க" என்றார்.

ஊற்றியது நான்தான். ஞாயிற்றுக்கிழமை மீன் பொரிப்பது வீட்டில் என் இலாகா. போகும்போது அவர் ஒரு துண்டறிக்கை கொடுத்துவிட்டுப் போனார். அதில் இருந்த வாசகம் முழுவதும் நான் என் துண்டறிக்கைக்கு எழுதியது, ஒரு கமா மாறாமல். எனக்கும் ஒரு வாசகர் இருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது.

எண்ணெய் குழாய்க்குள் போனால் என்ன ஆகும் என்று எனக்கு எல்லாமே தெரியும். தெரிந்தும் ஊற்றினேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பை உடைக்கும் ஜெட்டிங் மெஷினைப் பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள். எத்தனை அழுத்தம், எந்த நாசில், எவ்வளவு ஹோஸ் என்று. அவை முக்கியம்தான். ஆனால் என் அனுபவத்தில் ஒரு பின்சந்து முழுவதையும் நிரந்தரமாகச் சுத்தம் செய்தது மெஷின் இல்லை. ஒரு தையல்காரி. அதுவும் நொண்டிக்கொண்டே செய்தார்.

1. சரிவின் கடைசிக் கடை

ஈப்போவின் சிலிபின் பகுதியில் ஒரு வரிசைக் கடைகள். மேல்முனையில் மாணிக்கம் அண்ணனின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. நடுவில் நூடுல்ஸ் வறுத்துத் தரும் லியோங் அங்கிளின் மீ கோரெங் கடை. அதையொட்டி ஓரத்தில் மலாய்க்காரப் பெண் கக் ரோஸ் வாழைப்பழம் பொரிக்கும் கோரெங் பீசாங் தள்ளுவண்டி. கீழ்முனையில் வசந்தா அக்காவின் தையல் கடை. கடைகளுக்குப் பின்னால் மூடிபோட்ட ஒரு லோங்காங் ஓடுகிறது. சாக்கடையை இங்கே நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அது மேல்முனையிலிருந்து சரிந்து வந்து, வசந்தா அக்கா கடையின் பின்னறையை ஒட்டித் திரும்பி, பெரிய மழைநீர்க் கால்வாயில் விழுந்து, சுங்கை பாரி ஆற்றுக்குப் போகும்.

அதாவது, மூன்று பேர் பொரிப்பார்கள். நான்காவது ஆள் தைப்பார். பொரித்ததெல்லாம் தைப்பவர் வாசலுக்கு வந்து சேரும்.

எண்ணெய் கெட்டிக்காரப் பொருள். ஊற்றும்போது தண்ணீர் மாதிரி நடிக்கும். கொஞ்ச தூரம் போய், ஆறி, சோற்றுப் பருக்கையையும் சோப்பு நுரையையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு லோங்காங்கின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நாளாக ஆகக் கல்லாகும். பார்வைக்குப் பால்கோவா. வாசனையைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கத்தைத் தாண்டி நீங்கள் படிக்கமாட்டீர்கள். அடைப்பில் தப்பி ஓடுவது ஆற்றில் படலமாக மிதக்கும். படலத்துக்குக் கீழே மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும்.

நான் முதலில் அங்கே போனது ஒரு மாலை மழைக்குப் பிறகு. அடைத்த லோங்காங் எதிர்த்து ஏறி, வசந்தா அக்காவின் பின்னறைக்குள் கணுக்கால் அளவுக்கு நின்றது. அக்கா ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்று, இரண்டு கைகளிலும் பட்டு ரவிக்கைகளை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, எறங்குங்க. நான் பம்ப் போடுறேன்."

"எறங்க மாட்டேன் தம்பி. இது கல்யாணப் பொண்ணோட ஜாக்கெட்டு. மொதல்ல இதை வாங்கி லோரிக்குள்ள வைங்க. அப்புறம் என்னைய எறக்கலாம்."

ரவிக்கைகளை வாங்கி லோரியில் வைத்தேன். லோங்காங்கைத் திறந்து ஜெட்டிங் அடித்து முடித்தபோது மழையும் விட்டிருந்தது. அக்கா தரையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"இது மொத தடவ இல்ல. மூலையில வச்சிருந்த ஸ்கூல் யூனிபோர்ம் துணியெல்லாம் போன தடவ நாசமாப் போச்சு. இன்னொரு தடவ ஏறுச்சுன்னா கடைய மூடிருவேன். ஒருத்தர் வீட்டுக் கல்யாணப் பட்ட சாக்கடையில நனைச்சிட்டு நான் என்ன பதில் சொல்றது?"

அவர் கணவர் கோலாலம்பூருக்கு எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டுபவர். பாதி நாள் ரோட்டில் இருப்பார். கடைதான் அக்காவின் உலகம். அடுத்த மழைக்காலத்துக்குள் ஒரு வழி பிறக்க வேண்டும், இல்லையென்றால் ஷட்டரை இழுத்து மூட வேண்டும்.

2. நான் சொற்பொழிவு ஆற்றியது

அக்கா ஏற்கெனவே எல்லாரிடமும் நல்லபடியாகச் சொல்லிப் பார்த்திருந்தார். நான்கு மொழிகளில் அறிவிப்பு எழுதிப் பின்சந்தில் ஒட்டினார். அதன் மேல் யாரோ குழாய் ரிப்பேர் விளம்பரம் ஒட்டிவிட்டார்கள். விளம்பரம் என்னுடையது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

"நான் பேசிப் பாக்குறேன்" என்று வீராப்பாகக் கிளம்பினேன். மாணிக்கம் அண்ணன் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனிதர். அவர் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது வீட்டுமனைகளாகிப் பூப்பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது. குரல் மட்டும் இன்னும் கித்தா மரங்களைத் தாண்டிக் கூப்பிடுகிற குரல்.

"அட போ மச்சான். ஒரு சட்டி எண்ணெய்தானே ஊத்துறேன். சும்மா ஊத்தல. பின்னாலயே கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணி ஊத்துறேன். கரைஞ்சு போயிரும்லா."

"கரையாதுண்ணே. உங்க எல்லைய விட்டுப் போகும். அவ்வளவுதான்."

"அப்ப சரியாப் போச்சுல்ல?"

எண்ணெயைப் பிடித்து வைக்கும் கிரீஸ் டிராப் என்ற பெட்டி அவர் கடையிலும் இருந்தது. அதன் மேல் வெங்காய மூட்டை இருந்தது. மூட்டை அங்கே வந்து வருஷமாகியிருக்க வேண்டும், ஒரு வெங்காயம் முளைத்து நன்றாகவே இருந்தது.

லியோங் அங்கிள் தான் எண்ணெயே ஊற்றுவதில்லை என்றும் எல்லாம் மேல்முனையிலிருந்து வருவதாகவும் மலாயில் சொன்னார். சொல்லும்போதே அவர் கை ஒரு வாணலியைத் தொட்டிப் பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தது. கக் ரோஸ் என்னிடம் மிக மரியாதையாக நடந்துகொண்டார். என் துண்டறிக்கைகளை ஒரு கட்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் அவரிடம் வாழைப்பழப் பொரியல் வாங்கினேன், அதில் மடித்துக் கொடுத்தார். எண்ணெயைத் தடுக்க நான் எழுதியவற்றுள் உண்மையிலேயே கொஞ்சம் எண்ணெயை உறிஞ்சியது அந்தத் தாள் ஒன்றுதான்.

3. வாயு

இரண்டு மாதம் கழித்து அந்த லோங்காங்கைப் பார்வையிடப் போனேன். மூடியைத் தூக்கினால் சுவரில் புதிய படிவம் இல்லை. தவறான மேன்ஹோலைத் திறந்துவிட்டேனோ என்று அடுத்ததையும் திறந்தேன். அங்கேயும் இல்லை.

கடைக்குள் போனால் வசந்தா அக்கா நொண்டிக்கொண்டு வந்தார். பின்னறையில் வரிசையாகத் தகர டின்கள். எல்லாவற்றிலும் கறுத்துப்போன எண்ணெய்.

"என்னக்கா, கால்ல என்ன?"

அவர் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு நொண்டாமல் நேராக நடந்து வந்து உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். ஒருநாள் தையல் மெஷினின் இரும்புக் காலில் விரலை இடித்துக்கொண்டு நொண்டியிருக்கிறார். பார்த்த கக் ரோஸ் என்ன ஆச்சு என்று கேட்க, அக்காவின் வாயில் சட்டென்று வந்திருக்கிறது: "முட்டி வலி. பொரிச்ச பழைய எண்ணெய் தேச்சா நல்லதுன்னாங்க. மிச்சம் இருந்தா ஊத்திராம எனக்குத் தாங்களேன்."

அன்று மாலையே கக் ரோஸ் ஒரு பாத்திரம் கொண்டுவந்துவிட்டார். மறுநாள் செய்தி மேல்முனைக்கு ஏறியது. மாணிக்கம் அண்ணன் டின்னை அவரே தூக்கிக்கொண்டு வந்தாராம்.

"ஏன் வசந்தா, என்கிட்ட சொல்லக் கூடாதா? தோட்டத்துல பால்மரம் வெட்டப் போற பொம்பளைங்க எல்லாம் முட்டிக்கு எண்ணெய்தான் தேப்பாங்க. இது பக்கோடா எண்ணெய். பூண்டு, சோம்பு, கருவேப்பிலை, எல்லாச் சத்தும் உள்ள எறங்கியிருக்கு. கடைக்கு வர்றவனுக்குக் கூட இந்தச் சத்து கெடைக்காது."

லியோங் அங்கிள் தன் எண்ணெயில் இறால் வாசம் இருக்கும், பரவாயில்லையா என்று மட்டும் கேட்டாராம்.

"தம்பி, நான் வருஷக்கணக்கா ஊத்தாதீங்க ஊத்தாதீங்கன்னு சொன்னேன், ஒருத்தரும் கேக்கல" என்றார் அக்கா. "தாங்கன்னு கேட்டேன், போட்டி போட்டுக்கிட்டுக் கொண்டாறாங்க. இப்ப நான் நிறுத்துனா மறுபடியும் லோங்காங்குக்குத்தான் போகும். அதனால நொண்டிக்கிட்டு இருக்கேன்."

பழைய எண்ணெயை வாங்கிக்கொள்ளும் கிடங்கு ஒன்று லகாட் ரோட்டுப் பக்கம் இருந்தது. அதை எடுத்து டீசலாக்குகிறார்கள். டின்களை என் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுப்பதாக ஒத்துக்கொண்டேன். என் வேலைக்கு உலை வைக்கிற திட்டத்துக்கு நானே போக்குவரத்து அமைச்சரானேன்.

பொய்யை நடத்திக்கொண்டு போவதுதான் கஷ்டம். தைக்கிற அவசரத்தில் அக்காவுக்கு எந்தக் கால் என்பது மறந்துவிடும். நான் அங்கே இருந்தபோதே ஒருநாள் லியோங் அங்கிள் உற்றுப் பார்த்துக் கேட்டார்.

"நேத்து அந்தக் காலு. இன்னிக்கு இந்தக் காலா?"

அக்கா குனிந்து தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மாணிக்கம் அண்ணன் அவரை முந்திக்கொண்டு, "இது வாயு அங்கிள். வாயுன்னா அப்படித்தான், எடம் மாறும். உங்களுக்குத் தெரியாது" என்றார்.

லியோங் அங்கிளுக்கு அது நியாயமாகப் பட்டது. அன்றைக்கு இரண்டு காலுக்கும் சேர்த்துக் கூடுதலாக ஒரு பாத்திரம் எண்ணெய் வந்தது. மழைக்காலமும் வந்தது. லோங்காங் ஏறவில்லை.

4. பால்குடம்

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக அக்கா எப்போதோ வேண்டிக்கொண்டிருந்தார். நேர்ந்துகொண்டதை விட முடியாது. பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நொண்டவும் முடியாது. புந்தோங் கோயிலிலிருந்து கல்லுமலை முருகன் கோயில் வரைக்கும் வெறுங்காலோடு நடை. கூட்டத்தில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்.

பாதி வழியில் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தவர் மாணிக்கம் அண்ணன்.

நான் அந்தப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தார் ரோடு கொதித்தது. மஞ்சள் சேலையில் வசந்தா அக்கா எல்லாரையும் முந்திக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு எனக்குத் தெரியும். இரண்டு எட்டு நொண்டிப் பார்த்தார். பால் தளும்பியது. நொண்டலை விட்டுவிட்டார்.

மாணிக்கம் அண்ணன் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார். எல்லாம் முடிந்தது என்று நான் மோர்ப் பானைக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மச்சான்" என்றார் அவர். "பாத்தியா? என் எண்ணெய்லா அது."

மறுநாளே வரிசையில் செய்தி பரவியது. அடுத்த வாரம் அக்காவுக்கு எண்ணெய் வரவில்லை. மாணிக்கம் அண்ணன் தன் பக்கோடா எண்ணெயைத் தன் முட்டிக்கே வைத்துக்கொண்டார். லியோங் அங்கிள் தன் எண்ணெயைத் தோள்பட்டைக்குத் தேய்த்தார். சிலிபின் பூனைகள் அவரை எங்கே போனாலும் பின்தொடர்ந்தன. ஒருநாள் அவர் வங்கியில் வரிசையில் நின்றபோதுகூட வாசலில் இரண்டு காத்திருந்ததை நானே பார்த்தேன்.

லோங்காங்கில் இன்னும் ஒரு சொட்டும் விழவில்லை. நான் இதைப் பெரிய வெற்றியாக நினைத்தேன். அக்கா நினைக்கவில்லை.

"எத்தன நாளைக்கு தம்பி தேப்பாங்க? வலி போகலன்னா ஒருநாள் அலுத்துப் போயி எல்லாத்தையும் ஒரே நாள்ல ஊத்திருவாங்க. அதுவும் இல்லாம, தோள்பட்டையில இறால் எண்ணெயோட அந்த மனுஷன் நடமாடுறதப் பாத்தா எனக்கு ராத்திரி தூக்கம் வரல. உண்மையச் சொல்லிர்றேன்."

"சொன்னா கோவிச்சுக்கிட்டு வேணும்னே ஊத்துனா?"

"ஊத்துனா கடைய மூடுறேன். இப்படி ஏமாத்தி எத்தன நாளைக்குக் கடைய வச்சிருக்கறது?"

அதைச் சொன்னபோது அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நூல் மூன்று முறை தவறியது.

5. மூடியைத் திறந்தது

மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து கடைகள் ஓய்ந்த வேளையில் எல்லாரையும் பின்சந்துக்குக் கூப்பிட்டார் அக்கா. என்னை மேன்ஹோலைத் திறக்கச் சொன்னார். தன் பின்னறைச் சுவரில் பழைய சாக்கடை ஏறி நின்ற கறையைக் காட்டினார். எல்லாவற்றையும் சொன்னார். கால் வலிக்கவே இல்லை என்பதையும் மலாயிலும் தமிழிலும் ஒவ்வொரு தடவை சொன்னார்.

கக் ரோஸ்தான் முதலில் குனிந்து உள்ளே பார்த்தார்.

"ஏதோ அசையுதே" என்றார்.

எல்லாரும் குனிந்தோம். லோங்காங் தண்ணீர் தெளிந்திருந்தது. அடித்தரை சிமெண்டு தெரிந்தது. அதற்கு மேல் நகக்கண் அளவுக்குச் சின்ன மீன்கள் கூட்டமாக எதிர்நீச்சல் போட்டு நின்ற இடத்திலேயே நின்றன. பெரிய கால்வாயிலிருந்து ஏறி வந்திருக்க வேண்டும். இந்தத் தொழிலில் எத்தனையோ மூடிகளைத் திறந்திருக்கிறேன். பல்செட்டு பார்த்திருக்கிறேன், மூக்குத்தி பார்த்திருக்கிறேன். உயிரோடு ஒன்று நின்று என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

லியோங் அங்கிள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தோள்பட்டையை மோந்து பார்த்தார். "அப்ப இதைக் கழுவிரலாமா?" என்று மட்டும் கேட்டார்.

மாணிக்கம் அண்ணன் நிமிர்ந்தார். நான் அவர் கோபத்துக்குத் தயாராக நின்றேன்.

"வசந்தா, நீ வேணும்னா பொய் சொல்லியிருக்கலாம்" என்றார். "என் எண்ணெய் பொய் சொல்லாது. எனக்கு மாடிப்படி ஏற முடியாம இருந்துச்சு. இப்ப ஏறுறேன்."

"அண்ணே, எனக்கு வலியே இல்லண்ணே."

"அதான் சொல்றேன். இப்ப இல்ல."

அவரை அதற்கு மேல் யாராலும் அசைக்க முடியவில்லை. அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் கக் ரோஸ் சிரித்தார். ஆனால் அன்று மாலையே மாணிக்கம் அண்ணன் கடைப் பின்கட்டில், கிரீஸ் டிராப்பின் மேலிருந்த வெங்காய மூட்டை வேறு இடத்துக்குப் போயிருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் மூடியோடு ஒரு நீல டிரம் வந்தது. மற்ற இருவரும் அடுத்தடுத்து அப்படியே வைத்தார்கள். புதிதாகச் சேர்ந்த சமையல்காரர் ஒருவர் தெரியாமல் வாணலியைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோனபோது, மாணிக்கம் அண்ணன் கல்லாவிலிருந்தே கத்தியதை நான் கேட்டேன்.

"டேய், அதை ஊத்தாத. அது கால் எண்ணெய்."

புதியவர் கால் பங்கு என்று நினைத்துக்கொண்டு, முக்கால் பங்கை ஊற்றலாமா என்று திருப்பிக் கேட்டார். அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்குக் கையால் முட்டியைத் தொட்டுக் காட்டி விளக்குகிறார்கள். அந்த வரிசையில் பொரித்த எண்ணெய்க்கு இன்றைக்கும் அதுதான் பெயர். மலாய்க்காரரும் சீனரும்கூட "கால் எண்ணெய்" என்றுதான் சொல்கிறார்கள். டிரம்கள் நிறைந்ததும் கிடங்கு லோரியே வந்து எடுத்துக்கொண்டு போகிறது.

அதற்குப் பிறகு எத்தனையோ மழை. அக்கா கடைக்குள் ஒரு துளி ஏறவில்லை. பின்னறையில் இப்போது இரண்டாவது தையல் மெஷின் போட்டிருக்கிறார். கல்யாணப் பட்டுகள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் தொங்குகின்றன. அந்தத் தரையை அவ்வளவு நம்புகிறார்.

எனக்கு அந்த வரிசையில் வேலை போயிற்று. போகட்டும். ஆற்றை எந்தக் கெட்டவனும் வந்து கெடுப்பதில்லை. தட்டைக் கழுவப் போகிற நேரத்தில், கையிலிருப்பதை எங்கே சாய்ப்பது என்று நம்மைப் போன்றவர்கள் யோசிக்காத அந்த ஒரு நொடி கெடுக்கிறது. அந்த நொடியில் "கூடாது" என்ற சொல்லை நான் அச்சடித்து நீட்டிக்கொண்டிருந்தேன். "எனக்குத் தாங்க" என்று அக்கா கையை நீட்டினார். இந்த ஊர் மனிதர்களுக்கு அறிவுரை கேட்கத்தான் நேரமிருக்காது, கொடுப்பதற்கு எப்போதும் நேரமிருக்கும். அவர்களை அப்படிப் பார்க்கத் தெரிந்த ஒருத்தி சரிவின் கடைசியில் கடை வைத்திருந்தது சுங்கை பாரி மீன்களின் அதிர்ஷ்டம்.

இதை எழுதி முடித்ததும் அக்காவிடம் படித்துக் காட்டச் சிலிபினுக்குப் போனேன். லோரியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து, தலைப்பிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். அக்கா பித்தான் தைத்துக்கொண்டே தலையைத் தலையை ஆட்டிக் கேட்டார். முடித்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அவர் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆத்தப் பத்தி எல்லாம் அழகா எழுதியிருக்கீங்க. போயி அந்த லோரி எஞ்சின அணைச்சிட்டு வாங்க. நீங்க படிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து பொகை பூரா என் துணியில வந்து ஏறுது."